வானத்துக் கணக்கு நமக்கும் தெரியட்டும்

ஐப்பசி பிறந்துவிட்டால் தஞ்சைச் சீமையில் கிழக்கு வானத்தை அண்ணாந்து பார்க்காத கண் கிடையாது. நட்ட பயிருக்கு மழை வேண்டும். ஆனால் குடிசை தாங்குகிற அளவுக்குத்தான் வேண்டும். மழை வராவிட்டாலும் விவசாயத் தொழிலாளிக்கு வேலை இல்லை; அளவுக்கு மிஞ்சி வந்துவிட்டாலும் வேலை இல்லை. ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் வானம் தூரத்துச் சங்கதியா? பருத்தி விளையாவிட்டால் ஷிப்டு குறைகிறது. நெல் விளையாவிட்டால் அரிசி விலை ஏறுகிறது. சம்பளக் கவர் அதே கனத்தில்தான் இருக்கிறது.

மழை பொய்த்தாலோ புயல் அடித்தாலோ ஜனங்களுக்கு மூன்று விதமான பதில்கள் சொல்லப்படுகின்றன. "ஊரில் பாவம் பெருகிவிட்டது" என்பது ஒன்று. "தலையெழுத்து" என்பது மற்றொன்று. மூன்றாவது, ஆபீஸ் காகிதத்தில் எழுதப்படுவது: "இயற்கையின் சீற்றம்." மூன்றும் மூன்று வாயிலிருந்து வந்தாலும் முடிவு ஒன்றுதான்: யாரையும் எதுவும் கேட்காதே, வாயை மூடிக்கொண்டிரு!

மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி மழை கேட்கிற தாய்மாரைக் கேலி செய்வது நம் வேலை அல்ல. அவர்கள் கேட்பது நியாயமான பொருள். ஆனால் மழை எப்படி உண்டாகிறது, புயல் எங்கே பிறக்கிறது என்பதை மனிதன் இன்று பெருமளவு கண்டுபிடித்துவிட்டான். அந்த அறிவு படித்தவர்கள் அலமாரியில் மட்டும் இருந்தால் போதாது. வானம் செய்வது எது, மனிதன் செய்வது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்று நமக்குத் தெரியும். ஆகவே முதலில் வானத்தின் கணக்கைப் பார்ப்போம்.

காற்றுக் கடலின் அடியில்

மீன் தண்ணீருக்கு அடியில் வாழ்கிறது. நாம் காற்றுக்கு அடியில் வாழ்கிறோம். காற்றுக்கு எடை உண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின்மேல் நிற்கும் காற்றின் எடை சுமார் ஒரு கிலோ. அப்படியானால் விரித்த உள்ளங்கையின்மேல் ஒரு மூட்டை நெல்லுக்கு மேற்பட்ட பாரம் இருக்கிறது! எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக அழுத்துவதாலும், நம் உடம்புக்குள்ளிருந்தும் அதே அழுத்தம் எதிர்த்து நிற்பதாலும் அது நமக்குத் தெரிவதில்லை. 1643-ல் இத்தாலி நாட்டு டாரிசெல்லி என்பவர் ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, காற்றின் அழுத்தம் அதைச் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாங்கி நிறுத்துகிறது என்று காட்டினார். பாதரசம் இறங்கினால் காற்றின் பாரம் குறைகிறது என்று அர்த்தம். புயல் வரப்போகிறதா என்று கப்பல்காரர்கள் பார்த்து வந்த கருவி இதுதான்.

இந்தக் காற்று மண்டலம் மேலே போகப்போக மெலிந்துகொண்டே போகிறது. மழை, மேகம், இடி, புயல் எல்லாம் ஏறக்குறைய அடித்தட்டில்தான் நடக்கின்றன. நம்முடைய பிரதேசத்தில் அந்த அடித்தட்டின் உயரம் 16, 17 கிலோமீட்டர். இங்கிருந்து பக்கத்து டவுனுக்குப் போகிற பஸ் தூரம்! நம் வாழ்வும் சாவும் இந்த மெல்லிய போர்வைக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

சூரியனுக்குப் பக்கத்தில் போனால் சூடு அதிகம் என்றால், மலைமேல் ஏன் குளிர்கிறது? மேட்டுப்பாளையத்தில் வியர்வை வழிகிறது. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் கம்பளி கேட்கிறது. சூரிய வெளிச்சம் காற்றை நேராக அதிகம் சூடாக்குவதில்லை. அது காற்றைக் கடந்து வந்து தரையையும் கடலையும் சூடாக்குகிறது. அடுப்பு கீழே இருக்கிறது. தரை சூடாகி, அதன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. மேலே போகப்போக, ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வீதம் சூடு குறைகிறது. மழையின் சூத்திரம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

ஆவி ஏறுவதும் மழை இறங்குவதும்

ஆலையில் பாய்லரைப் பார்த்தவர்களுக்கும், நெல் அவிக்கிற இடத்தில் வேலை செய்தவர்களுக்கும் ஆவியின் வலிமையைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. தண்ணீரை ஆவியாக்கச் சூடு செலவாகிறது. சாதாரணமாகக் கடலிலோ குளத்திலோ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்கு எவ்வளவு சூடு வேண்டும் தெரியுமா? அந்தச் சூட்டைக் கொண்டு சுமார் எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்தச் சூடு எங்கும் காணாமல் போவதில்லை. ஆவிக்குள் மறைந்திருக்கிறது. ஆவி மறுபடி தண்ணீராகும்போது அவ்வளவு சூட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அவிந்த நெல்லைக் கிளறும்போது ஆவி பட்டுக் கை வெந்துபோவது இதனால்தான்.

சூரியன் தினந்தோறும் கடலிலிருந்தும் ஆற்றிலிருந்தும் பயிரின் இலைகளிலிருந்தும் தண்ணீரை ஆவியாக்கி மேலே ஏற்றுகிறான். சூடான காற்று லேசானது. அது ஆவியையும் சுமந்துகொண்டு எழும்புகிறது. மேலே அழுத்தம் குறைவு. ஆகவே காற்று விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சூடாகிறது; வால்வைத் திறந்துவிட்டால் சீறி வரும் காற்று குளிர்ச்சியாக இருக்கிறது. அமுக்கினால் சூடு, விரிந்தால் குளிர்ச்சி. வானத்திலும் இதே விதிதான்.

குளிர்ந்த காற்றில் அவ்வளவு ஆவி தங்க முடியாது. மிஞ்சியது நுண்ணிய திவலைகளாகிறது. அதற்கும் ஒட்டிக்கொள்ள ஒரு பிடி வேண்டும். கடல் அலையிலிருந்து பறந்த உப்புத் துகளும், தூசியும், புகையும் அந்தப் பிடியைக் கொடுக்கின்றன. இப்படிச் சேர்ந்த கோடானுகோடித் திவலைகள்தான் மேகம். ஒரு திவலை தனியாக விழாது, அவ்வளவு சிறியது. ஏறக்குறைய 10 லட்சம் திவலைகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி.

ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மழை பெய்தால் விழுகிற தண்ணீர் சுமார் 100 டன். எந்த மோட்டாரும் இல்லாமல், கரண்டு பில்லும் இல்லாமல், அத்தனை தண்ணீரையும் கடலிலிருந்து தூக்கி வந்து வயலில் ஊற்றுவது சூரியச் சூடுதான்.

இதே மேகம் சித்திரை, வைகாசியில் கரும்பாறை போல் 10, 15 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பினால் கோடை இடி வருகிறது. மேலே உறைந்த பனித்துணுக்குகளும் ஆலங்கட்டிகளும் மோதி மின்சாரம் பிரிகிறது. அது பூமிக்குப் பாய்வது மின்னல். இந்தியாவில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் மின்னல் தாக்கிச் சாகிறார்கள். திறந்த வயலில் நடவு நடுகிறவர்களும் களை எடுக்கிறவர்களும் ஆடு மாடு மேய்க்கிறவர்களும் அதில் நிறையப் பேர். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கரையேறி ஒரு கட்டிடத்துக்குள் போய்விடுங்கள். தனி மரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள். "இந்தக் கட்டு முடித்துவிட்டுப் போ" என்று எந்த மிராசுதார் சொன்னாலும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டு பருவங்கள்

கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தெரியும்: பகலில் மணல் காலைச் சுடும்போது கடல் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். தரை சீக்கிரம் சூடாகிறது, சீக்கிரம் ஆறுகிறது. கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறுகிறது. பகலில் தரையின் காற்று சூடேறி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று ஓடிவருகிறது. இதுவே கடல்காற்று.

ஒரு நாளில் கரையோரத்தில் நடக்கிற இந்தச் சங்கதி, ஒரு வருஷ காலத்தில் ஒரு கண்டம் முழுவதும் நடக்கிறது. கோடையில் ஆசியாவின் நிலப்பரப்பு காய்கிறது. இந்துமகா சமுத்திரத்திலிருந்து ஈரக்காற்று புறப்பட்டு வருகிறது. 1686-ல் இங்கிலாந்தின் எட்மண்ட் ஹாலி பருவக்காற்றுக்கு இப்படித்தான் காரணம் சொன்னார். பூமி சுழல்வதும், பூமத்திய ரேகையை ஒட்டிய மழைப் பட்டை சூரியனைத் தொடர்ந்து வடக்கும் தெற்கும் நகர்வதும் இதில் சேர்ந்திருக்கின்றன என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று சாதாரணமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. ஈரக்காற்று மலைமேல் ஏறி, குளிர்ந்து, அந்தப் பக்கமே கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காற்றில் சரக்கு தீர்ந்துவிடுகிறது; இறங்குகிற காற்று அமுங்கிச் சூடும் ஆகிறது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து கோவை ஜில்லாவில் மரத்தை ஆட்டுகிற காற்று இதுதான். செங்கோட்டைக்கு மேற்கே மழை, சங்கரன்கோவிலில் புழுதி. பாவ புண்ணியம் பார்த்தா மழை பெய்கிறது? மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெய்கிறது.

பிறகு நிலம் ஆறுகிறது, காற்று திரும்புகிறது. அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குகிறது. நிலத்திலிருந்து புறப்படும் காற்று வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரைக்கு வருகிறது. தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில் பெய்கிறது. நம் ஏரிகளும் கண்மாய்களும் இந்தக் கணக்கை அறிந்து வெட்டப்பட்டவை. மூன்று மாதத் தண்ணீரைப் பன்னிரண்டு மாதத்துக்குத் தேக்கி வைக்கத் தெரிந்த உழைப்பாளிகள் அவற்றை வெட்டினார்கள். அந்த ஏரியில் கட்டிடம் எழுப்பிவிட்டு, மழையில் மூழ்கினால் வானத்தைத் திட்டுவதும், கோடையில் வறண்டால் வானத்தைத் திட்டுவதும் என்ன நியாயம்?

புயல் பிறக்கும் விதம்

கடலின் மேல்பரப்பு 26, 27 டிகிரிக்கு மேல் ஆழமாகச் சூடேறியிருக்கும்போது ஆவி மிகுதியாக எழும்புகிறது. மேலே அது தண்ணீராகிறது. மறைந்திருந்த சூடு வெளிப்பட்டு, சுற்றியுள்ள காற்றை இன்னும் சூடாக்குகிறது. அந்தக் காற்று இன்னும் வேகமாக எழும்புகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. நாலா பக்கத்திலிருந்தும் காற்று அந்த இடத்தை நோக்கிப் பாய்கிறது. பாய்கிற காற்று வழியில் மேலும் ஈரத்தை அள்ளி வருகிறது. தீயில் நெய் ஊற்றியது போல் ஒன்றை ஒன்று வளர்க்கிறது. பூமி சுழல்வதால் காற்று நேராகப் பாய முடியாமல் விலகுகிறது; அதனால் நம் வடபாதி உலகில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் அதற்குப் புயல் என்று பெயர். தரைக்கு வந்ததும் ஈரம் கிடைக்காமல் அது தளர்ந்துபோகிறது. கரி போடாத பாய்லர் ஆறிப்போவது போலத்தான்.

புயலில் அதிகமாக உயிர் குடிப்பது காற்றல்ல, கடல். காற்று கடல் தண்ணீரைக் கரைமேல் தள்ளிக்கொண்டு வருகிறது. 1964 டிசம்பர் 22, 23-ல் தனுஷ்கோடியில் அதுதான் நடந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில், உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அலையில் மூழ்கிப்போனது. ஊரே அழிந்தது. 1977 நவம்பர் 19-ல் ஆந்திரத்தின் திவி சீமையில் கடல் ஏறி வந்தபோது சர்க்கார் கணக்கிலேயே சுமார் 10,000 பேர் மாண்டார்கள்.

இதுவரை சொன்னது வானத்தின் பாகம். இனி மனிதரின் பாகத்தைப் பார்ப்போம்.

கணக்கு யாருக்காகத் தொடங்கியது?

1864-ல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. மறு வருஷமே, 1865-ல், கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்துவிட்டது. கப்பலும் சரக்கும் போனால் வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு நஷ்டம் அல்லவா? 1866-லும் 1871-லும் மழை பொய்த்தது. 1875-ல் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது. அடுத்த வருஷமே மழை மறுபடி பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லிவந்தது அந்தக் கொடுமையைத்தான்.

மழை ஏன் பொய்த்தது? பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலும் கிழக்கிலும் சில வருஷங்களில் தண்ணீர் வழக்கத்துக்கு மேல் சூடேறுகிறது. எல் நினோ என்று அதற்குப் பெயர். அப்போது உலகத்தின் காற்றோட்டமே இடம் மாறி, பல தடவை இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை குறைந்துபோகிறது. 1877-78-ல் பலமான எல் நினோ இருந்தது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை இலாகாவின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் பக்கமும் இந்துமகா சமுத்திரப் பக்கமும் காற்றழுத்தம் தராசுத் தட்டுப் போல் மாறிமாறி ஏறி இறங்குவதைக் கண்டார். அந்தக் கணக்கைத் தேட அவரைத் தூண்டியது இந்தியாவின் பருவமழைதான்.

மழை பொய்த்தது பசிபிக்கின் வேலை என்றே வைத்துக்கொள்வோம். ஜனங்கள் செத்தது யாருடைய வேலை? தானிய வியாபாரத்தில் தலையிடமாட்டோம் என்று லிட்டன் பிரபுவின் சர்க்கார் சொன்னது. இங்கே பட்டினி கிடக்கையில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் துரை நிர்ணயித்தார். 1878 முடிவதற்குள் மாண்டவர்களின் தொகை, குறைந்த மதிப்பீட்டின்படியே 50 லட்சத்துக்கு மேல். மழை இல்லாததால் பயிர் காய்ந்தது. சோறு இல்லாததால் ஜனங்கள் செத்தார்கள். முதலாவதற்குக் காரணம் வானம். இரண்டாவதற்குக் காரணம் சர்க்காரும் சந்தையும்.

ஒரே கடல், இரண்டு புயல்

"அது அந்நியன் காலம்" என்று சிலர் சொல்லலாம். நம் காலத்தையே எடுத்துக்கொள்வோம். 1999 அக்டோபர் 29-ல் ஒடிஷாவை மகா புயல் தாக்கியது. சர்க்கார் கணக்கில் மாண்டவர்கள் ஏறக்குறைய 10,000 பேர். 2013 அக்டோபர் 12-ல் அதே கடலிலிருந்து அதே ஒடிஷாவின் கோபாலபூர் அருகே ஃபைலின் என்ற கடும்புயல் கரையேறியது. மாண்டவர்கள் 50 பேருக்கும் குறைவு.

வங்கக் கடல் இடைக்காலத்தில் இரக்கம் கற்றுக்கொண்டதா? இல்லை. மனிதர் ஏற்பாடு மாறியது. புயலின் பாதையை நாள்கணக்கில் முன்கூட்டிச் சொன்னார்கள். உறுதியான புயல் காப்பகங்கள் கட்டியிருந்தார்கள். கிராமத்திலேயே ஆட்களைப் பழக்கியிருந்தார்கள். சுமார் 10 லட்சம் பேரை முன்னதாகவே அப்புறப்படுத்தினார்கள். புயலைத் தடுக்க முடியாது. ஆயிரக்கணக்கான சாவைத் தடுக்க முடியும். இதைவிடத் தெளிவான நிரூபணம் யாருக்கு வேண்டும்?

வானிலை முன்னறிவிப்பு ஜோசியம் அல்ல. பஞ்சாங்கம் "இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை" என்று ஒரு வருஷத்துக்கு முன்பே எழுதிவிடுகிறது. தவறினால் பதில் சொல்ல ஆள் இல்லை. வானிலைக்காரர்கள் தரையிலும் கடலிலும் பலூனிலும் செயற்கைக் கோளிலும் அளவெடுத்து, சென்னையிலும் காரைக்காலிலும் உள்ள ரேடார்களால் மேகத்தைத் துழாவி, காற்றின் விதிகளைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கணக்கிடுகிறார்கள். 1950-ல் தொடங்கிய முறை இது. அவர்கள் கணக்கும் தவறுவதுண்டு. தொடக்க அளவில் கடுகளவு பிசகினாலும் பல நாள் கழித்து முடிவு மலையளவு மாறிவிடும் என்று 1963-ல் எட்வர்டு லோரன்ஸ் காட்டினார். ஆகவே நாளைய மழையை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அடுத்த மாதம் எந்தத் தேதியில் எந்த ஊரில் பெய்யும் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அப்படிச் சொல்கிறவனை நம்பாதீர்கள். தவறினால் ஒப்புக்கொண்டு, ஏன் தவறியது என்று ஆராய்வதுதான் விஞ்ஞானம்.

எச்சரிக்கை மட்டும் போதுமா?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் வெகு சீக்கிரம் உருவானது. பல நாள் முன்னதாகவே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் எத்தனையோ வீடுகளுக்கு ஆண்கள் திரும்பவே இல்லை. கரையில் அறிவிப்பு ஒட்டினால் நடுக்கடலில் யார் படிப்பது?

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. இது முன்கூட்டிச் சொல்லப்பட்ட புயல். முகாம்களுக்கு ஜனங்களை அழைத்துப் போனதால் பல உயிர்கள் தப்பின. ஆனால் கீற்றுக் குடிசைகள் விழுந்தன. தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. தோப்பு வைத்திருந்தவருக்கு மரக்கணக்கில் நிவாரணம் என்று பேச்சு நடந்தது. அந்தத் தோப்பில் தேங்காய் பறித்தும் மட்டை உரித்தும் கீற்று முடைந்தும் பிழைத்தவருக்கு எந்தக் கணக்கு? தென்னை மறுபடி காய்க்க வருஷங்கள் ஆகும். வயிறு வருஷக்கணக்கில் காத்திருக்காது. ஒரே காற்றுத்தான் மாடி வீட்டின்மேலும் குடிசையின்மேலும் அடிக்கிறது. மாடி வீட்டுக்காரர் ஜன்னலை மூடுகிறார். குடிசைக்காரர் கூரையைத் தேடுகிறார்.

வானமும் முன்போல் இல்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் காற்றில் கரியமில வாயு, 10 லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்தது 420-ஐத் தாண்டிவிட்டது. அது பூமியின் சூட்டை வெளியே விடாமல் போர்வை போல் பிடித்துவைக்கிறது. சென்ற நூற்றைம்பது ஆண்டுக்குள் உலகம் ஒரு டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் அதிக ஆவியைத் தாங்கும். ஆகவே பெய்கிறபோது கொட்டுகிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தமிழ்நாட்டில் சராசரியாக ஒரு வருஷம் முழுவதும் பெய்யவேண்டிய மழை அது!

சூடு என்பதும் வானிலைதான். உழைக்கிற உடம்பு வியர்வையை ஆவியாக்கித்தான் தன் சூட்டை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உடம்புக்குள் சூடு தங்கிவிடும். நூற்பாலையில் நூல் அறாமல் இருக்க ஈரக்காற்றைச் செயற்கையாக விடுகிறார்கள் என்பது நம் தோழர்களுக்குத் தெரிந்ததே. நூலுக்கு இதமான காற்று ஆளுக்கு இதமானதல்ல. அதனால்தான் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், இப்படி ஈரம் விடுவதற்கு அளவு விதிக்க மாநில சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. சுவரில் மாட்டியிருக்கும் ஈர உஷ்ணமானியைப் படிக்க ஒவ்வொரு தொழிலாளியும் பழக வேண்டும். நடுவெயிலில் களை எடுக்கிற பெண்களுக்கோ சுவரும் இல்லை, மானியும் இல்லை. 2024-ல் வெப்ப அலையும் பேரிடர்தான் என்று தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. நல்லது. பேரிடர் என்று ஒப்புக்கொண்டபின், அந்த நேரத்தில் வேலை நிறுத்தி நிழலில் உட்காருகிறவரின் கூலி என்ன என்பதற்கும் பதில் வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: எச்சரிக்கை தெளிந்த தமிழில் வர வேண்டும். "மிகக் கனமழைக்கு வாய்ப்பு" என்றால் நம் தெருவில் தண்ணீர் எந்த மட்டம் வரும், எப்போது கிளம்ப வேண்டும், எங்கே போக வேண்டும் என்று சேரிக்கும் குப்பத்துக்கும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். ஆழ்கடல் படகு ஒவ்வொன்றுக்கும் செய்தி எட்டும் கருவி வேண்டும்.

இரண்டு: போய்ச் சேர இடம் வேண்டும். கூரை ஒழுகாத, கக்கூஸ் உள்ள, எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தங்கும் காப்பகம் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். கீற்றுக் குடிசைக்குப் பதில் காற்றைத் தாங்கும் வீடு வேண்டும்.

மூன்று: எச்சரிக்கை நாளுக்குக் கூலி வேண்டும். சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் ஆலைக்கு வரவில்லை என்று சம்பளத்தைப் பிடிப்பதும், வயலுக்கு வந்தால்தான் கூலி என்பதும் ஆபத்துக்குள் ஆளைத் தள்ளுவதாகும். கூலி போய்விடும் என்ற பயத்தில் வீட்டை விட்டு இறங்கியவன் செத்தால் அதைப் புயல் கணக்கில் எழுதலாமா?

இவற்றைக் கேட்க வானசாஸ்திரப் பட்டம் தேவையில்லை. ஆனால் கணக்குத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். சங்கக் கூட்டத்தில் போனஸ் கணக்கை விளக்குவது போல் மழைக்கணக்கையும் விளக்குங்கள். மழை அளக்கும் கருவி ஒன்றை உங்கள் ஊர்ப் பள்ளியில் வைத்துப் பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை "எல்லாம் இயற்கையின் சீற்றம்" என்று யாராவது கையை விரித்தால், "எத்தனை சென்டிமீட்டர் பெய்தது, எத்தனை நாள் முன்பு தெரியும், என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

வங்கக் கடலில் இந்த வருஷமும் தண்ணீர் சூடேறும்; ஆவி எழும்பும்; காற்று சுழலும். அதை யாரும் நிறுத்த முடியாது. அது கரைக்கு வருமுன் நம் ஊரில் காப்பகத்தின் கதவு திறந்திருக்குமா, சாவி யார் கையில் இருக்கிறது என்பதை இன்றே போய்ப் பார்த்து வைப்பது நம் கையில் இருக்கிறது.